இலங்கை மலைநாட்டு வீதியில் சைக்கிள் ஓட்டம்: திரைக்குத் தமிழில் நேரடி வர்ணனை செய்யும் முறை

சைக்கிள் ஓட்டத்தைத் திரையில் பார்க்கிறவருக்கு எந்த நிமிடமும் மூன்று விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: முன்னால் போவது யார், அடுத்து வருகிறவர் எவ்வளவு நேரம் பின்னால், இன்னும் எத்தனை கிலோமீட்டர் மிச்சம். கிரிக்கெட் பார்க்கிறவர் பாதியில் வந்து உட்கார்ந்தாலும் திரையின் மூலையைப் பார்த்து நிலைமையைப் பிடித்துக்கொள்வார். சைக்கிளில் அது முடியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூன்று பேர் மிதித்துக்கொண்டு போகிற படம் வருகிறது. அவர்கள் நான்கு நிமிடம் முன்னால் இருக்கிறார்களா, கூட்டத்தோடு ஓட முடியாமல் பின்தங்கியவர்களா என்று படம் சொல்லாது. பிரான்சில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் போன்ற பெரிய ஓட்டங்களில் இடைவெளியைத் திரையில் எழுத்தாகக் காட்டுவார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு நம் ஊர்களில் நடக்கும் ஓட்டத்தை இரண்டு கெமராவோடு யூடியூபில் காட்டும்போது அந்த எழுத்தும் இருக்காது. வர்ணனை செய்கிறவரின் வாய்தான் அங்கே ஸ்கோர் பலகை. கீழே வரும் எல்லாமே அந்த மூன்று விடயங்களையும் தவறில்லாமல் சொல்வதற்கான ஆயத்தம்தான்.

வழித்தாள் தயாரித்தல்

ஓட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னராவது பாதை முழுவதையும் போய்ப் பாருங்கள். முச்சக்கர வண்டி போதும். ஒருவர் ஓட்ட, ஒருவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பாதி இடங்கள் விட்டுப்போகும். தொடக்கக் கோட்டில் வண்டியின் கிலோமீட்டர் மானியைக் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஓர் அடையாளம் என்று எழுதிக்கொண்டு போங்கள்: கோயில், பாடசாலை, தேயிலைத் தொழிற்சாலை, பாலம், சந்தி. வண்டிகளின் மானி சற்றுப் பிழையாகக் காட்டக்கூடும். நீளமான பாதையில் அந்தப் பிழை சேர்ந்து ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம். வீதியோரக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

தாளில் ஐந்து நிரல்கள் போதும்: மிச்சமுள்ள தூரம், இடத்தின் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், அடுத்த துண்டின் ஏற்றம் அல்லது இறக்கம், குறிப்பு. ஓடி முடித்த தூரத்தை முதல் நிரலில் எழுதாதீர்கள். ஒளிபரப்பில் உங்கள் வாயில் வர வேண்டியது மிச்சத் தூரம். 55இலிருந்து 37ஐக் கழிக்கிற வேலையை நேரடி ஒளிபரப்பின்போது மனதுக்குக் கொடுத்தால் அது பிழைவிடும்.

பெயர் நிரலில் பெயர்ப்பலகையில் உள்ள பெயரையும் ஊரார் சொல்கிற பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தோட்டங்களுக்குப் பலகையில் ஓர் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பது மலைநாட்டில் சாதாரணம். பார்க்கிறவர் தன் ஊர்ப் பெயரைத் தன் வாயில் வருகிற மாதிரிக் கேட்டால்தான் அந்த இடம் அவர் கண்ணில் விரியும்.

கம்பளையிலிருந்து நுவரெலியா வரையான ஏ5 வீதியை எடுத்துக்கொள்வோம். சுமார் 55 கிலோமீட்டர். கம்பளை ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் நுவரெலியா 1,870 மீட்டருக்கு அருகிலும் இருக்கின்றன. உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சராசரி ஏற்றம் நூற்றுக்கு 2.5 என்று வரும். அந்த எண்ணை அப்படியே ஒளிபரப்பில் சொன்னால் பார்க்கிறவரை ஏமாற்றியதாகிவிடும். புசல்லாவை வரை ஓர் ஏற்றம், பிறகு மேடு பள்ளமாக ஒரு துண்டு, ரம்பொடையிலிருந்து லபுக்கலை வழியாக உண்மையான மலையேற்றம் என்று அந்த வீதி போகிறது. சராசரிக்குள் இவை எல்லாம் கரைந்துவிடும். ஆகவே ஏற்றத்தைத் துண்டு துண்டாக, ஒன்று அல்லது இரண்டு கிலோமீட்டர் அளவில் கணக்கிட்டு எழுத வேண்டும். உயரத்துக்குக் கைத்தொலைபேசியின் ஜீபீஎஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நின்ற இடத்திலேயே அது பத்து இருபது மீட்டர் ஏறி இறங்கும். ஒரு கிலோமீட்டர் துண்டில் 20 மீட்டர் பிழை வந்தால் நூற்றுக்கு 6 என்பது 8 ஆகிவிடும். உயரக்கோடுள்ள வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

குறிப்பு நிரலில் போக வேண்டியவை: வீதி குறுகும் இடம், கொண்டை ஊசி வளைவு, வீதி புதிதாகத் தார் போடப்பட்டதா, மழை நாளில் மண் வழியும் இடம், கைத்தொலைபேசி சிக்னல் விழும் இடம். ரம்பொடைச் சுரங்கப் பாதையைக் கட்டாயம் குறியுங்கள். சுமார் 225 மீட்டர் நீளம். மணிக்கு 18 கிலோமீட்டரில் ஏறுகிறவருக்கு அதைக் கடக்க 45 செக்கன் ஆகும். அந்த நேரம் படம் இருட்டாகவோ இல்லாமலோ போகும்.

பெயர்ப் பட்டியல்

இலக்க வரிசையில் ஒரு பட்டியல், அணி வரிசையில் ஒரு பட்டியல் என்று இரண்டு தாள்கள் வேண்டும். பெரிய ஓட்டங்களில் அணித் தலைவரின் இலக்கம் பெரும்பாலும் 1இல் முடியும். 11, 21, 31 என்று. முந்தைய ஆண்டு வென்றவர் 1ஆம் இலக்கத்தோடு வருவார். உள்ளூரில் இந்த ஒழுங்கு இருக்காது. பதிவு மேசையில் பணம் கட்டிய வரிசைதான் இலக்க வரிசை. அதனால் பட்டியலைக் காலையில் ஒருமுறை திரும்ப வாங்கிச் சரிபார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் இலக்கம் மாறியவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

இலக்கம் முதுகில் இருக்கிறது. முன்னாலிருந்து எடுக்கிற படத்தில் அது தெரியாது. மலையில் குளிருக்கு மழையங்கியைப் போட்டுவிட்டால் பின்னாலிருந்தும் தெரியாது. ஆகவே தொடக்கக் கோட்டிலேயே முக்கியமான பதினைந்து பேரைக் கைத்தொலைபேசியில் முன்பக்கமாகப் படமெடுத்து, தலைக்கவசத்தின் நிறம், கண்ணாடி, சப்பாத்து, சைக்கிளின் நிறம் ஆகியவற்றைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மிதிக்கும் விதத்தையும் கவனியுங்கள். ஒருவர் ஏற்றத்தில் எழுந்து நின்று தோளை ஆட்டி மிதிப்பார், இன்னொருவர் இருக்கையை விட்டு எழவே மாட்டார். மூடுபனியில் ஆளைக் காட்டிக்கொடுப்பது அந்த அசைவுதான்.

உச்சரிப்பு தனிவேலை. தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது, ‘க’, ‘ச’, ‘ட’, ‘த’ அப்படியே. சிங்களப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்து வாசித்தால் பாதிப் பெயர் மாறிப்போகும். தடித்த ஒலி வரும் எழுத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள். அதைவிட நல்லது, வீரரிடமே கேட்டு அவர் பெயரை அவர் வாயாலேயே பதிவுசெய்து கொள்வது. நாற்பது பேருக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. ஐரோப்பிய வீரர்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஸ்லோவேனியப் பெயர்களில் ஆங்கில ‘சி’க்கு மேல் கொக்கி போட்ட எழுத்து ‘ச்’ ஒலி தரும், பொகாச்சர், ரோக்லிச். ‘பொகாகர்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஓட்டத்தை அறிந்தவர் உங்கள் மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

இடைவெளியை அளப்பதும் சொல்வதும்

வர்ணனையில் அதிகம் பிழைபடுவது இங்கேதான். இடைவெளியை எப்போதும் நேரத்தில் சொல்லுங்கள். மீட்டரில் சொல்லாதீர்கள்.

அளக்கும் முறை எளிது. அசையாத ஓர் அடையாளம் வேண்டும்: கிலோமீட்டர் கல், பாலத்தின் தொடக்கம், ஒரு கடைப் பலகை. முன்னால் போகிற குழுவின் முதல் ஆள் அதைத் தாண்டும்போது ஸ்டொப்வொட்சை அழுத்துங்கள். அடுத்த குழுவின் முதல் ஆள் அதே இடத்தைத் தாண்டும்போது நிறுத்துங்கள். குழுவின் கடைசி ஆளிலிருந்து அளந்தால் நீண்ட குழுவில் பல செக்கன் தப்பும். பெரிய ஓட்டங்களில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி வீரர்களுக்குக் காட்டவே ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போவார். நம் ஓட்டத்தில் மூன்று நண்பர்களைப் பாதையின் மூன்று இடங்களில் நிறுத்தி, வொட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் அனுப்பச் சொன்னால் போதும். ‘நல்லா முன்னுக்குப் போறாங்க’ என்று குரல் பதிவு அனுப்பக் கூடாது. இடம், நேரம், இலக்கம்: ‘லபுக்கலை, 1 நிமிடம் 20, இலக்கம் 14’.

மீட்டர் ஏன் கூடாது என்பதற்குக் கணக்கு இது. மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறும்போது 30 செக்கன் என்பது 125 மீட்டர். அதே 30 செக்கன், மணிக்கு 60 கிலோமீட்டரில் இறங்கும்போது 500 மீட்டர். முன்னால் போகிறவர் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும், பின்னால் இன்னும் ஏறிக்கொண்டிருப்பவருக்கும் அவருக்கும் நடுவே வெற்று வீதி நீண்டுகொண்டே போவதுபோலப் படத்தில் தெரியும். ‘தூரத்தை அதிகரித்துவிட்டார், பிய்த்துக்கொண்டு போகிறார்’ என்று கத்தத் தோன்றும். உண்மையில் ஒரு செக்கன்கூட அவர் கூடுதலாகப் பெற்றிருக்கமாட்டார். பின்னால் வருகிறவரும் அதே உச்சியைத் தாண்டி அதே வேகத்தில் இறங்கத் தொடங்கினால் தெரியும். இறக்கம் முடிந்து அடுத்த ஏற்றம் தொடங்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும். முன்னவர் வேகம் குறைந்து ஏற, பின்னவர் இன்னும் வேகமாக இறங்கி வர, இடைவெளி சுருங்கியதுபோலத் தோன்றும். மேடும் பள்ளமுமான மலைநாட்டு வீதியில் இந்த மயக்கம் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் வரும்.

மேசையில் ஒட்டி வைக்க ஒரு சிறு கணக்கு: ஒரு நிமிட இடைவெளி என்பது 15 கி.மீ. வேகத்தில் 250 மீட்டர், 20இல் 333, 40இல் 667, 60இல் 1,000. தூரத்திலிருந்து ஒரு நேர் வீதியில் இரண்டு குழுவும் சேர்ந்து தெரியும்போது இதைக் கொண்டு ஏறத்தாழ நேரத்தை ஊகிக்கலாம். ஊகித்ததை ‘ஏறத்தாழ’ என்று சொல்லியே சொல்லுங்கள்.

துரத்தும் கூட்டம் பிடிக்குமா என்ற கேள்விக்கு வர்ணனையாளர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்தைக் கூட்டத்தால் மீட்க முடியும். சைக்கிள் வீரராக இருந்து பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வர்ணனையாளரான ரொபேர் ஷபாத்தின் பெயரால் அதை அழைக்கிறார்கள். சமதரையில் இது நன்றாகவே பொருந்தும். கூட்டத்துக்குள் இருப்பவருக்கு முன்னால் உள்ளவர் காற்றை மறைக்கிறார்; முறை மாற்றி மாற்றி இழுத்தால் தனியாள் தாக்குப்பிடிக்க முடியாது. ரம்பொடைக்கு மேலே இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை சிறியது, உடலின் பாரம்தான் பெரியது. அங்கே கூட்டத்தால் கிடைக்கும் நன்மை மிகக் குறைவு, கால் பலமும் எடையும்தான் தீர்மானிக்கும். ‘கூட்டம் எப்படியும் பிடித்துவிடும்’ என்று ஏற்றத்தில் சொல்கிறவர் சமதரைப் பாடத்தை மலைக்குக் கொண்டுவருகிறார்.

ஏற்றத்தை எப்படிச் சொல்வது

‘நூற்றுக்கு எட்டு’ என்றால் நூறு மீட்டர் முன்னேற எட்டு மீட்டர் உயர வேண்டும். ஓட்டத்தில் ஒருமுறை, முதல் ஏற்றத்தின்போது, இதை விளக்கிவிடுங்கள். எட்டு மீட்டர் என்பது இரண்டு மாடி வீட்டைவிட உயரம். அதன்பின் எண்ணை மட்டும் சொன்னால் போதும். தசமத்தை ‘எட்டு தசம் ஒன்று’ என்று சொல்லுங்கள். நம் பாடசாலைகளில் படித்தவருக்கு அதுதான் காதில் ஒட்டும்.

பிரான்சின் ஆல்ப் துவேஸ் ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரி நூற்றுக்கு 8.1, 21 கொண்டை ஊசி வளைவுகள். இந்த எண்கள் கேட்பவருக்குப் பொருளாக வேண்டுமானால் அவருக்குத் தெரிந்த வீதியோடு சேர்க்க வேண்டும். நானுஓயா நிலையத்திலிருந்து நுவரெலியா நகர் சுமார் 8 கிலோமீட்டர், உயர வித்தியாசம் சுமார் 250 மீட்டர். சராசரி நூற்றுக்கு 3 அளவில் வரும். பஸ் கியரை மாற்றி முனகிக்கொண்டு ஏறும் அந்த வீதியைப் போல இரண்டரை மடங்கு செங்குத்து என்றால், அட்டனில் உட்கார்ந்து பார்க்கிறவர் ஆல்ப்ஸ் மலையைப் புரிந்துகொள்வார்.

சொற்கள்

பெலட்டன் என்பதைப் ‘பெருங்கூட்டம்’ என்றே சொல்லலாம். பிரிந்து முன்னால் போனவர்கள் ‘முன்குழு’, நடுவில் நிற்பவர்கள் ‘துரத்தும் குழு’. திடீரென்று வேகமெடுப்பது ‘பாய்ச்சல்’. பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுவது ‘காற்று மறைவில் ஓடுவது’. தலைவருக்காக உழைப்பவர் ‘துணைவீரர்’. ஒரு சொல்லைத் தேர்ந்தால் ஓட்டம் முடியும் வரை அதையே பயன்படுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லை மாற்றினால் பார்க்கிறவர் புதிதாக இன்னொரு குழு வந்துவிட்டதென்று நினைப்பார். கியர், செயின், பெடல், பஞ்சர் இவற்றுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். சைக்கிள் கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

மஞ்சள் சட்டை, பச்சைச் சட்டை, சிவப்புப் புள்ளிச் சட்டை, வெள்ளைச் சட்டை ஆகிய நான்கும் டூர் டி பிரான்ஸில் எதற்கு என்று ஒவ்வொரு நாளும் ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும்: மொத்த நேரத்தில் முதலில் நிற்பவர், புள்ளிகளில் முதல்வர், மலையேற்றத்தில் முதல்வர், இளையோரில் முதல்வர். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கத் தொடங்குகிற ஒரு பிள்ளை எங்கோ இருக்கும்.

பயிற்சி

டூர் டி பிரான்ஸின் கட்டம் ஒன்று, அதாவது ஒரு நாள் ஓட்டம், அங்கே மாலை 5.30க்கு முடிந்தால் இங்கே இரவு 9 மணி. கடைசி ஒரு மணி நேரத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்து, நீங்களே தமிழில் பேசிக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். இருபது நிமிடம் போதும். அன்றே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். ஒரு தாளில் மூன்றை எண்ணுங்கள்: இடைவெளியை எத்தனை தடவை சொன்னீர்கள், மிச்சத் தூரத்தை எத்தனை தடவை, படத்தில் தெரிந்ததையே எத்தனை தடவை திருப்பிச் சொன்னீர்கள். இருபது நிமிடத்தில் முதலாவது ஐந்துக்குக் குறையக் கூடாது. மூன்றாவது பெரும்பாலும் முப்பதைத் தாண்டும், வானொலி கேட்டு வளர்ந்த நம் காதின் பழக்கம் அது. வானொலியில் ‘இடது பக்கம் வருகிறார், நீல நிறச் சட்டை’ என்று சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் அந்த நீலச் சட்டை எல்லோருக்கும் தெரிகிறது; அவர் ஏன் இடது பக்கம் வந்தார் என்பதுதான் தெரியவில்லை.

மைக்கும் மேசையும்

தகரக் கூரையின் கீழ் உட்காராதீர்கள். நுவரெலியாவில் பின்னேரம் மழை பிடித்தால் நீங்கள் பேசுவது உங்களுக்கே கேட்காது. தலையில் மாட்டும் மைக் என்றால் வாயின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். வாய்க்கு நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் வெடிக்கும். பஞ்சு உறை இரண்டு வேண்டும், ஒன்று நனைந்தால் மாற்ற. மின்வெட்டுக்கு யூபீஎஸ், தாள்களுக்குப் பிளாஸ்டிக் உறை.

முடிவுக் கோட்டுப் பக்கத்தில் மேசை இருந்தால் ஒரு பொறி இருக்கிறது. வீதியில் நடப்பது உங்கள் கண்ணுக்கு முதலில் தெரியும், திரைக்குச் சில செக்கன் கழித்து வரும். நீங்கள் வீதியைப் பார்த்துக் கத்தினால் வீட்டில் இருப்பவருக்கு முடிவு முதலில் காதில் விழுந்து, படம் பிறகு வரும். வீதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பார்வையாளருக்குப் போகிற படத்தையே பார்த்துப் பேசுங்கள்.

இரண்டு குரல்

முதற்குரல் நடப்பதைச் சொல்லும். துணைக்குரல் காரணத்தைச் சொல்லும். துணைக்குரலுக்கு ஓடிப் பார்த்தவரே வேண்டும். பாரிஸ்–நீஸ் ஓட்டத்தை 1982இலிருந்து 1988 வரை தொடர்ந்து ஏழு தடவை வென்ற அயர்லாந்தின் ஷோன் கெல்லி, பிற்காலத்தில் யூரோஸ்போட் வர்ணனையில் நீண்டகாலம் துணைக்குரலாக இருந்தார். அதிகம் பேசாதவர். ஆனால் எந்த வீரரின் கால் எப்போது தளரும் என்று படிக்கத் தெரிந்தவர். நம் ஊரிலும் முன்னாள் ஓட்ட வீரர்கள் இருக்கிறார்கள். மைக் முன்னால் அவர்கள் கூச்சப்பட்டால் ‘இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘அந்த வளைவுக்கு முன்னால் ஏன் கியரை மாற்றினார்?’ என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த விடயம், உடனே பதில் வரும்.

நல்ல துணைக்குரல் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 2022 டூர் டி பிரான்ஸின் 11ஆவது கட்டம் நல்ல பாடம். கடைசி ஏற்றம் கிரனோன், 11.3 கிலோமீட்டர், சராசரி நூற்றுக்கு 9.2. மஞ்சள் சட்டையில் இருந்த பொகாச்சரை டென்மார்க் வீரர் விங்ககோர் அங்கே விட்டுவிட்டுப் போனார். பொகாச்சர் 2 நிமிடம் 51 செக்கன் பின்னால் வந்து சேர்ந்தார். கிரனோனை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு திடீர்த் தளர்ச்சி. காரணம் அதற்கு முந்தைய கலிபியே ஏற்றத்தில் இருந்தது. அங்கே ரோக்லிச்சும் விங்ககோரும் மாறி மாறிப் பாய, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பொகாச்சர் தனியே பதில் கொடுத்தார். ‘இந்தக் கணக்கு மாலையில் தீர்க்கப்படும்’ என்று கலிபியேயிலேயே சொல்லிவைக்க வேண்டியது துணைக்குரலின் வேலை.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டுமானால் மேசையில் கையைத் தட்டாதீர்கள், மைக்கில் கேட்கும். விரலை உயர்த்துங்கள். பாய்ச்சல் நடந்தால் துணைக்குரல் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும், முடித்துவிட்டுத் தருகிறேன் என்பதற்கு இடமில்லை.

மௌனமும் நிரப்புப் பேச்சும்

மூன்று மணி நேர ஓட்டத்தில் எல்லா நிமிடமும் பேசத் தேவையில்லை. ரம்பொடை அருவியைப் படம் காட்டினால் ‘ரம்பொடை அருவி, 109 மீட்டர்’ என்று சொல்லிவிட்டுப் பத்துச் செக்கன் வாயை மூடுங்கள். தண்ணீரும் சங்கிலிச் சத்தமும் கேட்கட்டும். நிரப்ப வேண்டிய நேரத்துக்கு அந்த வீதியின் வரலாறு, வீரரின் முந்தைய ஓட்டங்கள், சைக்கிளின் விவரம் நல்லவை. சர்வதேச விதியில் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சொன்னால் பொடியன்கள் தங்கள் சைக்கிளைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அனுசரணையாளர் பெயர்களும் பிரதம அதிதிக்கு வரவேற்பும் நம் ஒளிபரப்புகளை நாசமாக்குகின்றன. பாய்ச்சல் நடக்கும்போது கடைப் பெயர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோகிறது. ஏற்பாட்டாளரோடு முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: தொடக்கத்தில் ஒருமுறை, ஒவ்வொரு அரைமணிக்கும் ஒருமுறை, கடைசி ஐந்து கிலோமீட்டரில் இல்லவே இல்லை.

படம் போனால்

பெரிய ஓட்டங்களில் மோட்டார் சைக்கிள் கெமராவின் சிக்னல் மேலே பறக்கிற ஹெலிகொப்டருக்கோ விமானத்துக்கோ போய், அங்கிருந்து முடிவுக் கோட்டுக்கு வரும். மோசமான வானிலையில் அவை பறக்க முடியாவிட்டால் படமும் இல்லை. 2021 இத்தாலி ஓட்டத்தில் கொர்ட்டினா தம்பெட்சோவில் முடிந்த கட்டத்தில் அதுதான் நடந்தது. எகன் பெர்னால் ஜாவு மலைக்கணவாயில் தனித்துப் பிரிந்து போனதை உலகம் நேரடியாகப் பார்க்கவில்லை, முடிவுக் கோட்டில்தான் கண்டது. நம் வீதியில் கைத்தொலைபேசி சிக்னல் பள்ளத்தாக்கில் விழும்போது நாள்தோறும் இதே நிலைமை. வழித்தாளில் குறித்த அந்த இடங்களுக்கு இரண்டு மூன்று நிமிடப் பேச்சை முன்கூட்டியே தயாரித்து வையுங்கள். படம் போனதும் முதல் வாக்கியம் உண்மையைச் சொல்ல வேண்டும்: ‘படம் தடைப்பட்டிருக்கிறது. கடைசியாகக் கண்டபோது இலக்கம் 14, 40 செக்கன் முன்னால்.’ ‘இந்நேரம் அவர்’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் சொல்லாதீர்கள்.

யாராவது விழுந்தால்

இலக்கத்தைக் கண்ணால் காணும்வரை பெயரைச் சொல்லாதீர்கள். காயம் எப்படி என்று ஊகிக்காதீர்கள். ‘எழுந்து நிற்கிறார்’, ‘வைத்தியக் குழு பக்கத்தில் வந்துவிட்டது’ என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மா லயத்து வாசலில் கைத்தொலைபேசியில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே ஒரு தவறான பெயர், மற்ற எல்லாத் தவறுகளையும் விடப் பெரியது.

கடைசி 3 கிலோமீட்டர்

இங்கிருந்து ‘அவர்’, ‘இவர்’ வேண்டாம், பெயர்கள் மட்டும். குரலை 3 கிலோமீட்டரிலேயே உச்சத்துக்குக் கொண்டுபோனால் கடைசி 200 மீட்டருக்கு மூச்சு மிஞ்சாது. 3, 2, 1 கிலோமீட்டர், 500 மீட்டர் ஆகிய நான்கு இடங்களிலும் தூரத்தையும் இடைவெளியையும் சொல்லுங்கள். லபுக்கலைப் பக்கமாக வரும் ஓட்டம் என்றால் நகருக்குள் நுழையுமுன் இறக்கம் இருப்பதை நினைவூட்டுங்கள். அங்கே இடைவெளி மீட்டரில் நீண்டு தெரியும்.

நேரமே கதையாகும் நாட்களும் உண்டு. 1989இல் பாரிஸில் முடிந்த 24.5 கிலோமீட்டர் தனியோட்டத்துக்கு, ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்தோடு ஓடும் கட்டத்துக்கு, அமெரிக்க வீரர் லெமொன்ட் மொத்த நேரத்தில் முதலில் நின்றவரைவிட 50 செக்கன் பின்னால் தொடங்கி, அதில் 58 செக்கன் முந்தி, முழு டூர் டி பிரான்ஸையும் 8 செக்கனால் வென்றார். அப்படியான முடிவில் வீரரின் முகத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தை வாசியுங்கள்.

கை உயர்த்தியவர் வென்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். பெல்ஜியத்தின் 2020 லியெஜ் ஓட்டத்தில் பிரெஞ்சு வீரர் அலபிலிப் கையை உயர்த்தினார், சக்கரத்தை முன்னே தள்ளியவர் ரோக்லிச், வெற்றி அவருக்குப் போனது. நெருக்கமாக இருந்தால் ‘நடுவரின் முடிவு வரட்டும்’ என்று சொல்லிக் காத்திருங்கள். வென்றவர் கோட்டைத் தாண்டியதும் பெயர், நேரம், இரண்டாமவருக்கான இடைவெளி. பிறகு ஐந்து செக்கன் பேசாதீர்கள். பிறகு துணைக்குரல்.

மலை ஓட்டத்தில் முதலாமவருக்கும் கடைசியாக வருபவருக்கும் நடுவே முக்கால் மணிநேரம் போகும். பரிசளிப்பு மேடைக்குக் கெமரா போனாலும் ஒருவர் மைக்கோடு கோட்டில் நிற்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரின் இலக்கம், பெயர், ஊர், நேரம் ஆகியவற்றைக் கடைசி ஆள் வரும் வரை வாசியுங்கள்.